கூடிப் பாட வெச்ச மனுஷன்: எம்.பி.சீனிவாசன்

கல்ச்சுரல்ஸ்ல குரூப் சாங்குக்குப் பேர் குடுத்திருக்கீங்களா? எட்டுப் பேர் மேடை ஏறுவோம், எட்டுப் பேரும் ஒரே மெட்டைப் பாடுவோம். சத்தம் கூடும், அவ்வளவுதான். ஆனா எட்டுப் பேரும் ரெண்டு மூணு அணியாப் பிரிஞ்சு, ஒவ்வொரு அணியும் வேற வேற மெட்டை ஒரே நேரத்துல பாடி, கேக்கறவனுக்கு அது ஒரே பாட்டா வந்து சேர்ந்தா? அதுக்குப் பேர் சேர்ந்திசை. தமிழ்ப் பாட்டை அப்படிப் பாட வெச்சதுல முதல் வரிசைல நிக்கற பேர் எம்.பி.சீனிவாசன். சுருக்கமா எம்.பி.எஸ்.

பூர்வீகம் மானாமதுரை. பிறந்தது 1925ல், சித்தூர்ல. படிச்சது மெட்ராஸ்ல, பிரசிடென்சி காலேஜ். நம்ம வயசுல அவர் மாணவர் இயக்கத்துல இருந்தார், கம்யூனிஸ்ட் கட்சிப் பக்கம் போனார். அப்புறம் டெல்லிக்குப் போய், நாடாளுமன்றத்துல இருந்த ஏ.கே.கோபாலனுக்குச் செயலாளரா வேலை பார்த்தார். அங்கே கல்யாணம் பண்ணிக்கிட்டது சாஹிதாவை. அவங்க அப்பா யார் தெரியுமா? சைபுதீன் கிச்லு. 1919ல் அமிர்தசரஸ்ல இவரையும் சத்யபாலையும் கைது பண்ணினதை எதிர்த்துக் கூடின கூட்டத்துலதான் ஜாலியன்வாலாபாக் துப்பாக்கிச் சூடு நடந்துச்சு. பள்ளிக்கூடப் பாடத்துல படிச்ச பேர், இவருக்கு மாமனார். பிராமண வீட்டுப் பையன், முஸ்லிம் பொண்ணு. அந்தக் காலத்துல அது எப்படியிருந்திருக்கும்னு நீங்களே யோசிச்சுக்குங்க.

மெட்ராஸ் திரும்பி சினிமாவுக்கு வந்தார். 1960ல் நிமாய் கோஷ் இயக்கி வந்த 'பாதை தெரியுது பார்' படத்துக்கு இசை இவர். ஜெயகாந்தன் அதுல பாட்டு எழுதினார். படம் ஓடலை, பாட்டு இன்னைக்கும் நிக்குது. அடுத்த வருஷம் ஒரு மலையாளப் படத்துக்காக இருபத்தொரு வயசுப் பையன் ஒருத்தனை மைக் முன்னாடி நிறுத்தி, நாராயண குருவோட வரிகளைப் பாட வெச்சார். அந்தப் பையன் கே.ஜே.யேசுதாஸ். அவர் சினிமாவுக்குப் பாடின முதல் ரெக்கார்டிங் அதுதான்.

இவ்வளவு இருந்தும் தமிழ்ல அவருக்குக் கிடைச்ச படங்கள் கொஞ்சம்தான். ஏன்? என் கணக்குல அதுக்குப் பதில் இசைல இல்லை, கூலில இருக்கு.

மண்ணரைல இருக்கறவங்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். பீஸ் ரேட் என்ன, ஒன்னரை ஷிப்ட்டுக்கு எவ்வளவு, சனிக்கிழமை சம்பளம் கைக்கு வருமா, பாக்கி நிக்குமா, இதெல்லாம் நம்ம வீட்டுல சாப்பாட்டு நேரப் பேச்சு. அன்னைக்கு சினிமால வயலின், தபலா வாசிச்சவங்க நிலைமையும் ஏறக்குறைய இதுதான். படத்துல பேர் வராது, நிலையான கூலியும் கிடையாது. எம்.பி.எஸ். அவங்களை ஒண்ணு சேர்த்து சினி மியூசிஷியன்ஸ் யூனியன் கட்டினார். பிறகு நிமாய் கோஷும் அவரும் மத்தவங்களும் சேர்ந்து, எல்லாப் பிரிவுத் தொழிலாளர்களுக்குமா ஃபெப்சியைத் தொடங்கினாங்க. இதுல ஒண்ணு கவனிங்க. இசையமைப்பாளர்ங்கறவர் வாத்தியக்காரங்களைக் கூப்பிட்டு வேலை குடுக்கற இடத்துல இருக்கறவர். நம்ம ஊர் கணக்குல சொன்னா, கான்ட்ராக்டரே டைலர் பக்கம் போய் உக்கார்ந்த மாதிரி. அப்படிப்பட்ட ஆளை எந்தத் தயாரிப்பாளர் ஆசையாக் கூப்பிடுவார்? மலையாளம் கூப்பிட்டுச்சு. 'உள்கடல்', 'சில்லு'ன்னு ஓ.என்.வி.குறுப்போட சேர்ந்து அவர் செஞ்ச பாட்டுகளைக் கேட்டுப் பாருங்க. கேரள அரசு விருதும் ஒரு தடவைக்கு மேல வந்துச்சு.

இனி சேர்ந்திசை. 1950கள் கடைசிலயே சலில் சௌத்ரி பம்பாய்லயும், ரூமா குஹா தாகுர்தா கல்கத்தாவுலயும் யூத் கொயர் ஆரம்பிச்சுட்டாங்க. மெட்ராஸ்ல எம்.பி.எஸ். 1970கள் தொடக்கத்துல தொடங்கினார். மெட்ராஸ் யூத் கொயர். வந்தவங்க பெரும்பாலும் தொழில்முறைப் பாடகர்கள் இல்லை. ஆபீஸ் முடிச்சு, காலேஜ் முடிச்சு வந்தவங்க.

வேலை சுலபமில்லை. கொஞ்சம் பிசிக்ஸ் பேசலாமா? ச 240 ஹெர்ட்ஸ்னு வெச்சா ப 360. இங்கே ரெண்டு அலை முடியற நேரத்துல அங்கே மூணு முடியும், ரெண்டும் சேர்ந்து ஒலிச்சா காதுக்கு இதமா இருக்கு. சேர்ந்திசை இப்படி ஸ்வரங்களை அடுக்கறது. ஆனா நம்ம ராகத்துல எல்லா ஸ்வரமும் வராது. அடுக்குக்குத் தேவைப்படற ஸ்வரத்தை ராகம் உள்ளே விடாது, விட்டா ராகம் கெட்டுடும். போதாததுக்கு கமகம் வேற, ஸ்வரம் ஒரு இடத்துல நிக்காம அசையும். அசையற செங்கல்லை வெச்சுச் சுவர் கட்டற கதை. மேற்கத்திய முறையை அப்படியே தூக்கி வெக்க முடியாது. பாரதி பாட்டு, நாட்டுப்பாட்டு, மத்த மாநில மொழிப் பாட்டுன்னு ஒவ்வொண்ணுக்கும் எது தாங்கும்னு பார்த்துப் பார்த்துச் செஞ்சார்.

தனியாப் பாடறவர் எப்ப வேணா சங்கதி சேர்த்துக்கலாம், நீட்டிக்கலாம். கொயர்ல அது நடக்காது. பக்கத்துல நிக்கறவர் குரல் காதுல விழற அளவுக்குத்தான் உங்க குரல் இருக்கணும். நல்ல குரல் உள்ளவங்களுக்குத்தான் இது ரொம்பக் கஷ்டம். யூனியன் கட்டின ஆளுக்கு ஏன் இது பிடிச்சுதுன்னு புரியுதா?

பிற்காலத்துல பள்ளிக்கூடப் பசங்களைக் கூட்டமாப் பாட வெக்கறதுலதான் அவருக்கு நாட்டம். மொழி தெரியாத பிள்ளைகளுக்கும் வேற மொழிப் பாட்டைச் சொல்லிக்குடுத்தார். நடுவுல ஜான் ஆபிரகாம் எடுத்த 'அக்ரஹாரத்தில் கழுதை' படத்துல கழுதைக்குட்டியை வளர்க்கற புரொபசரா நடிச்சதும் இவர்தான். பார்க்காதவங்க பாருங்க.

1988 மார்ச்ல சேர்ந்திசை சொல்லிக்குடுக்க லட்சத்தீவு போனார். அங்கேயே மாரடைப்பு. வயசு 62. மெட்ராஸ் கொயர் அவருக்குப் பிறகும் பாடுச்சு. திருவனந்தபுரத்துல அவர் பேர்லயே ஒரு யூத் கொயர் இருக்கு. அடுத்த கல்ச்சுரல்ஸுக்கு முன்னாடி அவங்க பாட்டு ஒண்ணை ஹெட்போன்ல கேளுங்க. முதல் தடவை மேல ஓடற மெட்டு மட்டும்தான் கேக்கும். ரெண்டாவது தடவை, கீழ ஒரு அணி வேற என்னமோ பாடிக்கிட்டிருக்கறது கேக்கும்.