பாம்பனைப் பார்க்காமலே போன ஷெர்சர்... யார் இவர்?

ராமேஸ்வரத்துக்கு ரயிலில் போய் வந்தவர்களுக்கு ‘ஷெர்சர்’ என்ற பெயர் புதுசு இல்லை. பழைய பாம்பன் பாலத்தில் கப்பலுக்காகத் திறந்து வழிவிடும் பகுதிக்கு அதுதான் பெயர். 1914 பிப்ரவரியில் பாலம் திறக்கப்பட்டபோது, அந்தப் பெயருக்குச் சொந்தக்காரர் இறந்து 20 ஆண்டுகள் ஓடிவிட்டன.

வில்லியம் டொனால்ட் ஷெர்சர் 1858-ல் அமெரிக்காவின் இல்லினாய் மாகாணத்தில் பிறந்தார். ஜெர்மன்காரர் என்று இணையத்தில் சுற்றுவது தவறு. சூரிச்சில் பொறியியல் படித்தவர், பின்னர் சிகாகோவில் பாலங்களை வடிவமைத்தார்.

அப்போது சிகாகோ ஆற்றுப் பாலங்கள் பெரும்பாலும் நடுத்தூணில் சுழன்று கப்பலுக்கு வழிவிட்டன. அந்தத் தூணே ஆற்றின் நடுவை அடைத்துக்கொண்டது. சரி, பாலத்தை மேலே தூக்கலாம் என்றால் வேறொரு சிக்கல். மொத்த எடையும் ஓர் அச்சின் மேல் உட்காரும். அச்சுக்கும் அதைத் தாங்கும் உலோகத்துக்கும் நடுவே கிரீஸ் படலம் இருக்கும்வரை கவலை இல்லை. ஆனால் பெரிய பாரத்தோடு மெதுவாகச் சுழலும் இடத்தில் அந்தப் படலம் எளிதில் பிதுங்கிவிடும். அப்புறம் இரும்பை இரும்பே தின்ன ஆரம்பிக்கும்.

ஷெர்சர் அந்த அச்சையே எடுத்துவிட்டார். பாலத்தின் அடிப்பக்கத்தை வளைவாகச் செய்து, ஆடும் நாற்காலி மாதிரி பின்னால் உருள வைத்தார். பின்பக்கம் கட்டிய எடை பாரத்தைச் சமன்செய்தது. ஒரு பொருளை உரசி இழுப்பதைவிட உருட்டுவதற்கு ரொம்பக் குறைவான சக்தி போதும் இல்லையா? அவ்வளவுதான் விஷயம்.

ஆனால் பாலம் உருண்டதைப் பார்க்க அவர் இல்லை. 1893 ஜூலையில், 35 வயதில் இறந்தார். காப்புரிமையே அந்த டிசம்பரில்தான் வந்தது. கம்பெனியை வளர்த்தவர் சகோதரர் ஆல்பர்ட்.

பாம்பனில் 225 அடி நீளப் பகுதியை இரண்டு இறக்கைகளாக, ஆட்கள் கையாலேயே சுற்றித் திறந்தார்கள். 1964 புயலில் பாலத்தின் பெரும்பகுதி சிதைந்தபோதும் இது தப்பியது.

அதற்காகத் தேய்மானம் இல்லாமல் போகவில்லை. உருளும் விளிம்பு தரையைத் தொடுவது மெல்லிய கோட்டில்தான்; அழுத்தம் முழுக்க அங்கே. பல்சக்கரங்களுக்கு கிரீஸ் வேண்டும். கடற்கரை மணல் அந்த கிரீஸில் கலந்தால் உப்புத்தாள் வைத்துத் தேய்த்த கதைதான். உப்புக்காற்றின் துரு வேறு. 2022 டிசம்பரில் பாலத்தில் ரயில்கள் நின்றன.

2025 ஏப்ரல் 6-ல் திறக்கப்பட்ட புதிய பாலத்தின் தூக்குப் பகுதி, லிஃப்ட் போல நேராக மேலே போகிறது. அதைத் தூக்கும் கம்பிவடச் சக்கரங்கள் அச்சில்தான் சுழல்கின்றன.