ஒரே வாசல் கேட்ட விமானி

தோட்டத்துப் பாட்டிகளிடம் பேச்சுக் கொடுத்தால் தராசின் கதையைச் சொல்வார்கள். விடியுமுன் பெரட்டுக்கு நின்று, பால்மரம் சீவி, வாளி சுமந்து வந்தாலும், எடை போடும் இடத்தில்தான் அன்றைய கூலி முடிவாகும். தஞ்சோங் காராங் பக்கத்தில் அப்படிப்பட்ட கதைகளைக் கேட்டு வளர்ந்த எனக்கு, அமெரிக்க விமானி பெசி கோல்மேனின் இளமைக்காலம் அந்நியமாகத் தெரியவில்லை.

1892 ஜனவரி 26-இல் டெக்சஸ் மாநிலத்தில் ஓர் ஏழைக் கறுப்பினக் குடும்பத்தில் பிறந்தவர் பெசி. 13 பிள்ளைகளில் பத்தாமவர். வாக்ஸஹாச்சி என்ற ஊரில் வளர்ந்தார். பஞ்சு பறிக்கும் பருவம் வந்தால் பள்ளிக்கூடம் மூடப்படும். கணக்கில் கெட்டிக்காரியான அவர், குடும்பத்தார் பறித்த பஞ்சின் எடைக் கணக்கைப் பார்த்துக்கொண்டார்.

கல்லூரியில் சேர்ந்தார், ஒரே தவணையில் பணம் தீர்ந்துபோனது. பிறகு சிக்காகோ சென்று, முடிதிருத்தும் நிலையத்தில் நகங்களை அழகுபடுத்தும் வேலை பார்த்தார். முதல் உலகப் போரில் பிரான்சுக்குப் போய்த் திரும்பிய அண்ணன், அந்நாட்டுப் பெண்கள் விமானமே ஓட்டுகிறார்கள் என்று கேலி செய்தார். அந்தக் கேலி பெசியின் மனத்தில் சுருக்கென்று தைத்தது.

அமெரிக்கப் பயிற்சிப் பள்ளிகள் அவரைச் சேர்க்க மறுத்தன. 'சிக்காகோ டிஃபெண்டர்' பத்திரிகையின் நிறுவனர் ராபர்ட் அபோட் தந்த யோசனைப்படி, பிரெஞ்சு மொழி கற்று 1920 நவம்பரில் கப்பலேறினார். 1921 ஜூன் 15-இல் அனைத்துலக விமானி உரிமம் அவர் கைக்கு வந்தது. அதைப் பெற்ற முதல் கறுப்பின அமெரிக்கப் பெண் அவர்தான்.

பயணிகள் விமானச் சேவை வளராத காலம் அது. விமானி பிழைக்க வேண்டுமானால் சாகசம் காட்ட வேண்டும். பெசி மீண்டும் ஐரோப்பா சென்று அதையும் பயின்றார். 1922 செப்டம்பர் 3-இல் நியூயார்க் அருகே முதல் காட்சி. வானில் 8 என்ற எண்ணை வரைவார், தலைகீழாகச் சுழல்வார், தரையை நோக்கிப் பாய்ந்து மேலெழுவார். 1923-இல் லாஸ் ஏஞ்சலஸ் அருகே விமானம் விழுந்து கால் முறிந்தது. குணமானதும் மீண்டும் பறந்தார். காட்சி முடிந்தபின் பார்வையாளர்களை ஏற்றிக்கொண்டு வானைச் சுற்றிக் காட்டுவதும் உண்டு.

1925-இல் சொந்த ஊரான வாக்ஸஹாச்சியிலேயே காட்சி ஏற்பாடானது. வெள்ளையருக்கு ஒரு வாசல், கறுப்பினத்தவருக்கு வேறு வாசல் என்றனர் ஏற்பாட்டாளர்கள். எல்லாருக்கும் ஒரே வாசல் இல்லையென்றால் பறக்க மாட்டேன் என்று பெசி உறுதியாக நின்றார். அவர்கள் இறங்கி வந்தார்கள். உள்ளே இருக்கைகள் அப்போதும் பிரிந்தே இருந்தன. ஆனாலும் வாசல் ஒன்றானது.

1926 ஏப்ரல் 30, ஃபுளோரிடாவின் ஜாக்சன்வில். மறுநாள் காட்சிக்கு இடம் பார்க்கப் பறந்தார்கள். விமானத்தை ஓட்டியவர் அவருடைய மெக்கானிக் வில்லியம் வில்ஸ். கீழே எட்டிப் பார்ப்பதற்காக பெசி இருக்கைப் பட்டை அணியவில்லை. விமானம் திடீரெனக் குப்புறப் பாய்ந்தபோது அவர் வெளியே தூக்கி எறியப்பட்டார். வில்ஸும் உயிரிழந்தார். விமானத்தின் இயக்கப் பகுதியில் ஒரு ஸ்பானர் சிக்கியிருந்தது. பெசிக்கு வயது 34.

கறுப்பின மாணவர்களுக்கு விமானப் பள்ளி தொடங்கும் அவரது கனவு அன்று நிறைவேறவில்லை. ஆனால் 1929-இல் லாஸ் ஏஞ்சலஸில் அவர் பெயரிலேயே ஒரு விமானக் கழகம் உருவாகி, கறுப்பின இளைஞர்களைப் பறக்கப் பழக்கியது.

நண்பர்களே, திறமை வந்தால் கூட்டம் நம்மைத் தேடி வரும். அந்தக் கூட்டத்தில் யாரை எந்த வாசல் வழியாக விடுகிறார்கள் என்பதையும் பெசி பார்த்தார். நாமும் பார்ப்போம்.