வில்லெபிரோர்டு ஸ்னெல்

வில்லெபிரோர்டு ஸ்னெல் வான் ரோயன் (1580 – அக்டோபர் 30, 1626) நெதர்லாந்தைச் சேர்ந்த கணிதவியலாளரும் வானியலாளரும் ஆவார். இலத்தீன் மொழியில் ஸ்னெல்லியஸ் என அழைக்கப்பட்டார். ஒளிவிலகலின் அடிப்படை விதி இவர் பெயரால் ஸ்னெல் விதி என வழங்கப்படுகிறது. ஆயினும் தம் வாழ்நாளில் இவர் அவ்விதியை அச்சில் வெளியிடவில்லை. வாழ்ந்த காலத்தில் நில அளவையாளராகவும், கணித நூல்களின் ஆசிரியராகவும், மொழிபெயர்ப்பாளராகவுமே இவர் அறியப்பட்டிருந்தார். முக்கோணங்களைக் கொண்டு நிலத்தை அளந்து புவியின் சுற்றளவைக் கணக்கிட்டது இவருடைய மற்றொரு முதன்மையான பணியாகும்.

இளமையும் கல்வியும்

ஸ்னெல் லைடன் நகரில் பிறந்தார். பழைய நூல்கள் சிலவற்றில் இவர் பிறந்த ஆண்டு 1591 எனத் தவறாகக் குறிக்கப்பட்டுள்ளது. இவருடைய தந்தை ருடால்ஃப் ஸ்னெல், லைடன் பல்கலைக்கழகத்தில் கணிதம் கற்பித்தவர். தந்தையின் விருப்பத்திற்கேற்பச் சட்டம் பயின்றபோதும், ஸ்னெலின் நாட்டம் கணிதத்திலேயே இருந்தது. 1600ஆம் ஆண்டிலேயே அவர் அப்பல்கலைக்கழகத்தில் கணித விரிவுரைகள் ஆற்றத் தொடங்கினார்.

பின்னர் ஐரோப்பிய நாடுகள் பலவற்றிற்குப் பயணம் செய்தார். வூர்ஸ்பர்க் நகரில் கணிதவியலாளர் ஆட்ரியன் வான் ரூமெனையும், பிராகா நகரில் வானியலாளர் டைக்கோ பிராகியையும் சந்தித்தார். டைக்கோவிடம் பணிபுரிந்த யோகான்னஸ் கெப்ளரின் அறிமுகமும் அங்கு கிடைத்தது. கருவிகளைக் கொண்டு நுட்பமாக அளப்பதில் டைக்கோ காட்டிய கண்டிப்பு, ஸ்னெலின் பிற்காலப் பணிகளிலும் காணப்படுகிறது.

நாடு திரும்பிய பின், சைமன் ஸ்டெவின் டச்சு மொழியில் எழுதிய கணித நூல்களை இலத்தீனில் மொழிபெயர்த்தார். பை என்னும் மாறிலியை 35 பதின்ம இடங்கள் வரை கணக்கிட்ட லுடால்ஃப் வான் கியூலனின் நூல்களையும் பின்னர் மொழிபெயர்த்தார். அக்காலத்தில் அறிஞர்களின் பொதுமொழி இலத்தீனாக இருந்தமையால், டச்சுக் கணிதம் ஐரோப்பா முழுவதும் பரவ இம்மொழிபெயர்ப்புகள் உதவின.

1608ஆம் ஆண்டு மரியா டி லாங்கே என்பவரை மணந்தார். இவர்களுக்குப் பிறந்த 18 பிள்ளைகளில் மூவர் மட்டுமே பிழைத்தனர். 1613இல் தந்தை இறந்தபின் அவருடைய கற்பித்தல் பொறுப்பை ஏற்ற ஸ்னெல், 1615இல் பேராசிரியரானார்.

நில அளவைப் பணி

1615ஆம் ஆண்டு ஸ்னெல் புவியின் அளவைக் கண்டறியும் பணியைத் தொடங்கினார். ஆல்க்மார், பெர்கன் ஒப் சோம் ஆகிய நகரங்களுக்கு இடையிலுள்ள தொலைவை அறிவது இதன் முதற்படி. ஆறுகளும் சதுப்பு நிலங்களும் நிறைந்த அந்நாட்டில் இத்தொலைவு முழுவதையும் சங்கிலியால் அளப்பது இயலாது. எனவே லைடன் அருகே சிறிய அடிக்கோடு ஒன்றை மட்டும் கவனமாக அளந்தார். பின்னர் தேவாலயக் கோபுரங்களை உச்சிகளாகக் கொண்டு, தொடர்ச்சியான 33 முக்கோணங்களின் கோணங்களை அளந்து, எஞ்சிய நீளங்களைக் கணக்கிட்டுப் பெற்றார்.

இரு நகரங்களின் அகலாங்குகளையும் ஒப்பிட்டு, ஒரு பாகை அகலாங்கிற்குரிய நீளம் இன்றைய அளவில் ஏறத்தாழ 107 கிலோமீட்டர் எனக் கண்டார். உண்மையான அளவு ஏறத்தாழ 111 கிலோமீட்டர் ஆகும். பிழை ஏறத்தாழ 3.5 விழுக்காடு மட்டுமே. இம்முடிவுகளை 1617இல் 'எரடோஸ்தெனஸ் பட்டாவஸ்' என்ற நூலாக வெளியிட்டார். நெதர்லாந்தின் எரடோஸ்தெனஸ் என்பது இதன் பொருள். புவியின் சுற்றளவைக் கணக்கிட்ட பண்டைய கிரேக்க அறிஞரை இப்பெயர் நினைவூட்டுகிறது.

தெரிந்த மூன்று கோபுரங்களை நோக்கிய கோணங்களைக் கொண்டு, பார்ப்பவர் நிற்கும் இடத்தைக் கணிக்கும் முறையையும் இந்நூலில் விளக்கினார். இக்கணக்கு இன்று ஸ்னெல்லியஸ்-பொத்தெனோ கணக்கு எனப்படுகிறது. தம் அளவீடுகளில் பிழைகள் உள்ளதை உணர்ந்த ஸ்னெல், பின்னர் மீண்டும் அளந்து திருத்தங்கள் செய்தார். அவற்றை வெளியிடுவதற்குள் இறந்துவிட்டார். பீட்டர் வான் முஸ்ஸென்புரூக் என்பவர் அத்திருத்தங்களின் அடிப்படையிலான முடிவுகளை 1729இல் வெளியிட்டார்.

பிற பணிகள்

1618இல் தோன்றிய வால்வெள்ளியை ஆராய்ந்து அடுத்த ஆண்டு ஒரு நூல் எழுதினார். வால்வெள்ளி நிலவிற்கு அப்பால் உள்ளது என்ற இவருடைய முடிவு, அது வளிமண்டலத்தில் நிகழ்வது என்ற அரிஸ்டாட்டிலின் கருத்திற்கு மாறானது.

1621இல் வெளியான 'சைக்லோமெட்ரிகஸ்' நூலில் பையின் மதிப்பைக் காண்பதற்கு விரைவான வழியைக் கூறினார். ஆர்க்கிமிடீஸ் 96 பக்கங்கள் கொண்ட பல்கோணத்தால் இரண்டு பதின்ம இடங்கள் வரையே பெற முடிந்தது. அதே பல்கோணத்தைக் கொண்டு ஸ்னெலின் முறையில் ஆறு இடங்கள் வரை பெறலாம். இம்முறை சரியானதே என்பதைக் கிறிஸ்டியான் ஹைகன்ஸ் 1654இல் முறைப்படி நிறுவினார்.

1624இல் கடற்பயணம் பற்றிய 'டிஃபிஸ் பட்டாவஸ்' என்ற நூலை வெளியிட்டார். திசைகாட்டியில் ஒரே திசையை மாறாமல் பின்பற்றும் கப்பலின் பாதைக்கு லாக்சோட்ரோம் என்ற சொல் வழங்கியது இந்நூலின் வழியாகும்.

ஒளிவிலகல் விதி

முன்னோர் முயற்சிகள்

நீரில் அமிழ்த்திய கோல் ஒடிந்தது போல் தோன்றுவதைப் பண்டைக்காலத்திலிருந்தே மக்கள் கவனித்து வந்துள்ளனர். கி.பி. 2ஆம் நூற்றாண்டில் தாலமி, காற்றிலிருந்து நீருக்கும் கண்ணாடிக்கும் செல்லும் ஒளியின் படுகோணங்களையும் விலகுகோணங்களையும் அட்டவணைப்படுத்தினார். ஆனால் கோணங்களுக்கு இடையிலான சரியான தொடர்பு அவருக்குப் புலப்படவில்லை. இப்னு அல்-ஹைதமும் ஒளிவிலகலை விரிவாக ஆராய்ந்தார். கெப்ளர் பல சூத்திரங்களை முயன்றுபார்த்து, இறுதியில் சிறிய கோணங்களுக்கு மட்டும் பொருந்தும் தோராயமான விதி ஒன்றைப் பயன்படுத்தினார்.

ஸ்னெலின் முறை

1621ஆம் ஆண்டளவில் ஸ்னெல் இத்தொடர்பைக் கண்டறிந்தார். இன்று பாடநூல்களில் காணப்படும் வடிவம், படுகோணத்தின் சைன் மதிப்பிற்கும் விலகுகோணத்தின் சைன் மதிப்பிற்கும் உள்ள விகிதம் மாறிலி என்பதாகும். ஸ்னெல் சைன் சார்பைப் பயன்படுத்தவில்லை. இரு நீளங்களை ஒப்பிட்டார்.

நீர் நிரம்பிய தொட்டி ஒன்றின் மேற்பரப்பில், பக்கச்சுவரிலிருந்து 30 செ.மீ. தொலைவிலுள்ள ஒரு புள்ளியில், சுவரை நோக்கிச் சாய்ந்து ஒளிக்கதிர் விழுவதாகக் கொள்வோம். படுகோணம் 60 பாகை. கதிர் விலகாமல் நேராகச் சென்றிருந்தால், புள்ளியிலிருந்து சுவர் வரை அதன் நீளம் ஏறத்தாழ 34.6 செ.மீ. ஆக இருக்கும். உண்மையில் கதிர் செங்குத்துக்கோட்டை நோக்கி விலகுவதால், சுவரைச் சற்றுக் கீழே தொடுகிறது. அதன் நீளம் ஏறத்தாழ 46.2 செ.மீ. ஆகும். இவற்றின் விகிதம் 4:3. படுகோணத்தை மாற்றினாலும் இவ்விகிதம் மாறுவதில்லை. இதுவே ஸ்னெல் கண்ட விதி. வடிவியல்படி இது சைன் விதிக்கு முற்றிலும் சமமானது.

கையெழுத்துப்படியின் கதை

ஸ்னெல் இறந்து ஆறு ஆண்டுகளுக்குப் பின், 1632இல், அவருக்குப் பின் லைடனில் கணிதப் பேராசிரியரான ஜேக்கப் கோலியஸ் ஒளிவிலகல் பற்றிய கையெழுத்துப்படியைக் கண்டு, கான்ஸ்டன்டைன் ஹைகன்ஸிற்குக் கடிதம் எழுதினார். 1637இல் ரெனே டேக்கார்ட் சைன் விதியைத் தம் நூலில் அச்சிட்டார். அதில் ஸ்னெலின் பெயர் இல்லை. 1662இல் ஐசக் வோசியஸ், விதி ஸ்னெலுக்கே உரியது என எழுதினார். கிறிஸ்டியான் ஹைகன்ஸும் கையெழுத்துப்படியைப் பார்த்திருந்தார். அவர் மறைவிற்குப் பின் 1703இல் வெளியான அவருடைய ஒளியியல் நூலின் வழியாக ஸ்னெலின் பெயர் பரவலாக அறியப்பட்டது.

மூலக் கையெழுத்துப்படி பின்னர் தொலைந்துபோனது. அதன் உள்ளடக்கச் சுருக்கம் மட்டும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆம்ஸ்டர்டாமில் கண்டெடுக்கப்பட்டது. டேக்கார்ட் ஸ்னெலின் முடிவை எடுத்துக்கொண்டார் என்ற குற்றச்சாட்டு நெடுங்காலம் நிலவியது. அவர் தாமாகவே விதியை அடைந்தார் என்பதே இன்றைய வரலாற்றாசிரியர் பலரின் கருத்து. பிரான்சில் இவ்விதி டேக்கார்ட்டின் பெயராலேயே வழங்குகிறது.

ஸ்னெலும் டேக்கார்ட்டும் முதல்வர் அல்லர் என்பதும் பின்னர் தெரியவந்தது. ஆங்கிலேயரான தாமஸ் ஹாரியட் 1602ஆம் ஆண்டளவிலேயே விதியை அறிந்திருந்தார், அவரும் வெளியிடவில்லை. அதற்கும் ஆறு நூற்றாண்டுகளுக்கு முன், 984ஆம் ஆண்டளவில், பாக்தாதைச் சேர்ந்த இப்னு சஹ்ல் இதே தொடர்பைப் பயன்படுத்தி வில்லைகளின் வடிவத்தைக் கணித்திருந்தார். அவருடைய கையெழுத்துப்படிகளை ஆராய்ந்து ருஷ்டி ராஷித் 1990இல் இதனை வெளிப்படுத்தினார்.

விதி தொடர்பான தவறான கருத்துகள்

ஸ்னெல் விதியைப் பயில்வோரிடையே சில தவறான கருத்துகள் பரவலாக உள்ளன. அவற்றுள் சில அக்கால அறிஞர்களிடமும் இருந்தவையே.

• கோணங்களின் விகிதம் மாறிலி என்பது: மாறாதது சைன்களின் விகிதமே, கோணங்களின் விகிதம் அன்று. காற்றிலிருந்து நீருக்குச் செல்லும்போது படுகோணம் 30 பாகை எனில் விலகுகோணம் ஏறத்தாழ 22 பாகை; விகிதம் 1.36. படுகோணம் 80 பாகை எனில் விலகுகோணம் 47.6 பாகை, விகிதம் 1.68. கெப்ளரின் தோராய விதி பெரிய கோணங்களில் பொருந்தாமைக்கு இதுவே காரணம்.

• செங்குத்தாக விழும் கதிருக்கு எதுவும் நிகழ்வதில்லை என்பது: அக்கதிரின் திசை மாறுவதில்லை, ஆனால் வேகம் மாறுகிறது. தொட்டியை நேர் மேலிருந்து பார்த்தாலும் அடித்தளம் உயர்ந்தே தோன்றுகிறது. நீரின் தோற்ற ஆழம் உண்மை ஆழத்தில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு. இதனைக் கண்ட ஸ்னெல், செங்குத்துக் கதிரும் ஒருவகையில் சுருங்குகிறது என எண்ணினார். ஹைகன்ஸ் இதனைப் பிழை எனச் சுட்டிக்காட்டினார். ஒரு புள்ளியிலிருந்து கண்ணை அடையும் கதிர்களில் சற்றே சாய்ந்தவை விலகுவதால்தான் அடித்தளம் உயர்ந்து தோன்றுகிறது.

• எடை மிகுந்த பொருளே ஒளியை அதிகம் விலக்கும் என்பது: அடர்மிகு ஊடகம் என்ற சொல்லே இக்குழப்பத்திற்குக் காரணம். அங்குக் குறிக்கப்படுவது ஒளியியல் அடர்த்தி. மண்ணெண்ணெய் நீரில் மிதக்கும். ஆயினும் அதன் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 1.44, நீரினுடையதோ 1.33.

• அடர்மிகு ஊடகத்தில் ஒளி விரைவாகச் செல்லும் என்பது: டேக்கார்ட்டும் பின்னர் நியூட்டனும் இவ்வாறே கருதினர். ஃபெர்மாவும் ஹைகன்ஸும் இதற்கு மாறாக, ஒளி அங்கு மெதுவாகச் செல்கிறது என்றனர். நீரில் ஒளியின் வேகம் காற்றில் உள்ளதைவிடக் குறைவு என்பதை 1850இல் லெயோன் ஃபூக்கோ சோதனையால் காட்டினார்.

• நீரினுள் ஒளியின் நிறம் மாறும் என்பது: ஊடகம் மாறும்போது அலைநீளமும் வேகமும் குறைகின்றன, அதிர்வெண் மாறுவதில்லை. நிறம் அதிர்வெண்ணைப் பொறுத்தது. எனவே சிவப்பு ஒளி நீருக்குள்ளும் சிவப்பாகவே உள்ளது.

• கதிர் ஊடகம் முழுவதும் வளைந்து செல்லும் என்பது: சீரான ஊடகத்தில் ஒளி நேர்க்கோட்டில் செல்கிறது, திசை மாறுவது எல்லைப்பரப்பில் மட்டுமே. ஒளிவிலகல் எண் படிப்படியாக மாறும் வளிமண்டலத்தில் கதிர் வளைகிறது. கானல்நீர் இதனால் தோன்றுகிறது.

• அடிவானத்தில் சூரியன் பெரிதாகத் தெரிவது ஒளிவிலகலால் என்பது: அது பார்வை மயக்கமே. ஒளிவிலகல் சூரியனைப் பெரிதாக்குவதில்லை. மாறாக மேல்-கீழாகச் சற்றுத் தட்டையாக்குகிறது. அடிவானத்தில் ஒளிவிலகல் பொருள்களை ஏறத்தாழ அரைப் பாகை உயர்த்திக் காட்டுவதால், சூரியனின் அடிவிளிம்பு அடிவானத்தைத் தொடுவதாகத் தோன்றும்போது, சூரியன் உண்மையில் முழுவதும் மறைந்திருக்கும்.

மறைவு

ஸ்னெல் உடல்நலக் குறைவால் 1626ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் நாள் லைடனில் காலமானார். அப்போது அவருக்கு வயது 46. அந்நகரின் பீட்டர்ஸ்கெர்க் தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

நினைவும் பெயரும்

டச்சு மொழியில் இவருடைய குடும்பப் பெயரின் இறுதியில் 'எல்' எழுத்து ஒருமுறை மட்டுமே வரும். இலத்தீன் வடிவத்திலிருந்து வந்த இரட்டை எழுத்தே ஆங்கில நூல்களில் நிலைத்துவிட்டது. நிலவிலுள்ள ஒரு கிண்ணக்குழி ஸ்னெல்லியஸ் எனப் பெயரிடப்பட்டுள்ளது. 1929–1930இல் அன்றைய டச்சுக் கிழக்கிந்தியக் கடற்பகுதியை ஆராய்ந்த கடலாய்வுப் பயணமும், 2021இல் தொடங்கப்பட்ட நெதர்லாந்தின் தேசிய மீக்கணினியும் இவருடைய பெயரைத் தாங்கியவை. இன்று வில்லைகள், நுண்ணோக்கிகள், ஒளியிழைகள் ஆகியவற்றின் வடிவமைப்பில், ஸ்னெல் தம் பெயரில் அச்சில் காணாத அவ்விதியே அடிப்படையாக விளங்குகிறது.