கரடி விட்டுக்கொடுத்த உயிர்: வேட்டைக்காரர் ஜேம்ஸ் கர்வுட் மாறிய கதை

1988-ல் வெளியான ‘தி பேர்’ படத்தைப் பார்த்திருக்கிறீர்களா? தாயை இழந்த ஒரு குட்டிக் கரடி, குண்டடி பட்ட ஒரு பெரிய கரடி, துரத்தி வரும் வேட்டைக்காரர்கள். வசனமே கிட்டத்தட்ட கிடையாது. பிரெஞ்சு இயக்குநர் ழான்-ஜாக் அன்னோ எடுத்த படம். அதில் ஒரு காட்சியை யாரும் மறக்க மாட்டார்கள். மலைப் பாறையில் துப்பாக்கி இல்லாமல் மாட்டிக்கொண்ட வேட்டைக்காரருக்கு நேர் எதிரே கரடி வந்து நிற்கும். உறுமும். அப்புறம் ஒன்றுமே செய்யாமல் திரும்பிப் போய்விடும்.

சினிமாவுக்காகச் சேர்த்த காட்சி மாதிரி தெரியும். ஆனால், இது தனக்கே நடந்தது என்று சொன்னவர் மூலக்கதையை எழுதிய அமெரிக்க எழுத்தாளர் ஜேம்ஸ் ஆலிவர் கர்வுட்.

யார் இவர்?

1878-ல் மிச்சிகன் மாநிலத்தின் ஒவாசோ என்ற சின்ன ஊரில் பிறந்தவர். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார், பட்டம் வாங்காமலே வெளியே வந்தார். டெட்ராய்ட்டில் பத்திரிகை நிருபர் வேலை. கொஞ்ச வருடத்தில் அதையும் விட்டுவிட்டு முழுநேர எழுத்தாளர் ஆனார். கனடாவின் வடக்குக் காடுகளைப் பற்றி எழுத, அந்த நாட்டு அரசே அவருக்குச் செலவுக்குப் பணம் கொடுத்து அனுப்பியது. வருடத்தில் சில மாதம் காட்டில், மீதி மாதம் ஒவாசோவில் எழுத்து மேசையில். இதுதான் அவர் வாழ்க்கை.

பனி, ஓநாய், நாய், காவல்படை வீரர் என்று அவர் எழுதிய சாகசக் கதைகள் சக்கைப்போடு போட்டன. 1919-ல் வந்த ‘தி ரிவர்ஸ் எண்ட்’ நாவல் லட்சம் பிரதிகளைத் தாண்டியது. அவர் கதைகளிலிருந்து வந்த படங்கள் மட்டும் நூறுக்கும் மேல்.

காட்டுக்குப் போனவர் சும்மா வேடிக்கை பார்க்கப் போகவில்லை. சுட்டார். நிறையவே சுட்டார். தலைகளையும் தோல்களையும் வீட்டுச் சுவரில் மாட்டினார். அந்தக் காலத்தில் அது கௌரவம். கிரிஸ்லி கரடியைச் சுட்டவர் என்றால் ஊரில் தனி மரியாதை.

பாறை விளிம்பில் என்ன நடந்தது?

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மலைகளில் ஒரு பெரிய ஆண் கிரிஸ்லியைத் தேடி அலைந்துகொண்டிருந்தார் கர்வுட். அதற்கு ஏற்கெனவே குண்டடி பட்டிருந்தது. ஒருநாள் தனியாக ஒரு குறுகலான பாறைத் தடத்தில் நிற்கும்போது அந்தக் கரடியே எதிரில் வந்தது. துப்பாக்கி பயன்படும் நிலையில் இல்லை. ஓட இடமும் இல்லை. கரடி பார்த்தது, விட்டுவிட்டுப் போனது. அவ்வளவுதான்.

சாட்சி யாரும் கிடையாது, இது அவரே சொன்னது என்பதையும் மறக்கக் கூடாது. கர்வுட் கதை சொல்லிப் பிழைத்தவர், கொஞ்சம் மெருகு ஏற்றியிருக்கலாம். ஆனால், அதன் பிறகு அவர் பேச்சும் எழுத்தும் மாறியது நிஜம்.

1916-ல் வந்த ‘தி கிரிஸ்லி கிங்’ நாவலின் முன்னுரையில், தன் கையால் செத்த விலங்குகளுக்கான பிராயச்சித்தமாகவே அந்த நாவலை அவர் முன்வைத்தார். சுடுவதைவிட உயிரோடு விடுவதில்தான் பெரிய சிலிர்ப்பு இருக்கிறது என்பது அவர் வாதம். 1921-ல் எழுதிய இன்னொரு புத்தகத்தில், வேட்டைக்காரனாகத் தான் செய்ததை இன்னும் கடுமையாகவே பேசினார்.

அப்போது கரடிகளின் நிலைமை என்ன?

ரொம்ப மோசம். 1800 வாக்கில் இன்றைய அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் சுமார் 50,000 கிரிஸ்லிகள் இருந்ததாக மதிப்பிடுகிறார்கள். மாடு, ஆடு வளர்த்தவர்களுக்கு அது தொல்லை. துப்பாக்கி, பொறி, விஷம் என்று எல்லாவற்றையும் பயன்படுத்தினார்கள். கலிஃபோர்னியா 1911-ல் தன் மாநிலக் கொடியில் கிரிஸ்லி படத்தைப் போட்டது. 1924-க்குப் பிறகு அந்த மாநிலத்தில் ஒரு கிரிஸ்லியைக்கூட யாரும் பார்த்ததாகப் பதிவில்லை. கொடியில் மட்டும் இன்னும் இருக்கிறது.

இந்த இனம் சீக்கிரம் மீண்டு வராததற்கும் காரணம் இருக்கிறது. பெண் கரடி முதல் குட்டி போடவே ஐந்து வயதுக்கு மேல் ஆகும். ஒரு ஈற்றுக்குப் பெரும்பாலும் இரண்டு குட்டிகள். அவை இரண்டு, மூன்று வருடம் தாயோடுதான் இருக்கும், அதுவரை அடுத்த ஈற்று இல்லை. வளர்ந்த ஒரு பெண் கரடியைச் சுட்டால் அந்த இழப்பு ஈடாகப் பல வருடம் பிடிக்கும்.

முழுசாகத் துப்பாக்கியைத் தூக்கிப் போட்டாரா?

இல்லை. பசிக்கு இறைச்சி தேவைப்பட்டால் சுடுவதில் தவறில்லை என்றார். பெருமைக்காகவும் பொழுதுபோக்குக்காகவும் சுடுவதைத்தான் எதிர்த்தார். இன்றைய விலங்குரிமை ஆர்வலர்கள் பலர் இதை அரைகுறை நிலைப்பாடு என்பார்கள். அன்றைய வேட்டைக்காரர்களுக்கோ இதுவே அதிகம்.

பேனாவோடு நிறுத்தாமல் சொந்த மாநில அரசியலிலும் இறங்கினார். வேட்டைக் கட்டுப்பாடுகளைக் கடுமையாக்க வேண்டும் என்று மிச்சிகனின் வனப் பாதுகாப்புத் துறையோடு மல்லுக்கட்டினார். கடைசியில் 1927-ல் ஆளுநர் அவரையே பாதுகாப்பு ஆணையத்தின் உறுப்பினராக நியமித்தார். திட்டிக்கொண்டிருந்தவர் கையிலேயே பொறுப்பு வந்தது. ஆனால், காலம் கொடுத்துவைக்கவில்லை. ஃபுளோரிடா பயணத்தில் ஏதோ கடித்தது, சிலந்தி என்று சொல்கிறார்கள். உடம்பில் விஷம் ஏறி, அந்த ஆகஸ்ட்டிலேயே 49 வயதில் இறந்துபோனார். எழுதுவதற்காக ஒவாசோ ஆற்றங்கரையில் அவர் கட்டிய குட்டிக் கோட்டை இப்போது அருங்காட்சியகம்.

கரடி வேட்டை நின்றதா?

அலாஸ்காவில் பழுப்புக் கரடி வேட்டைக்கு இன்றும் அனுமதி உண்டு. ஆனால், கர்வுட்டின் கதை நடக்கும் பிரிட்டிஷ் கொலம்பியாவில் நிலைமை மாறியது. அங்கே சுமார் 15,000 கிரிஸ்லிகள். வருடத்துக்கு ஏறத்தாழ 250 கரடிகளை வேட்டையாடிக்கொண்டிருந்தார்கள். 2017-ல் அந்த மாகாண அரசு, தலைக்கும் தோலுக்குமான வேட்டைக்குத் தடை, இறைச்சிக்கு மட்டும் அனுமதி என்று முதலில் அறிவித்தது. கிட்டத்தட்ட கர்வுட் போட்ட அதே கோடுதான்.

மக்கள் ஏற்கவில்லை. சுட்டவர் மனதில் இறைச்சியா, பெருமையா என்று எந்த வனக்காவலர் கண்டுபிடிப்பார்? தலையை விட்டுவிட்டு இறைச்சியைத் தூக்கிப் போனாலும் செத்த கரடி செத்ததுதானே என்று கேட்டார்கள். அந்த டிசம்பரிலேயே அரசு இறங்கிவந்து கிரிஸ்லி வேட்டையை மொத்தமாகத் தடை செய்தது. உணவுக்காகவும் சடங்குக்காகவும் வேட்டையாடும் பூர்வகுடி மக்களுக்கு மட்டும் விலக்கு. ‘தி கிரிஸ்லி கிங்’ வெளியாகி அப்போது 101 வருடம் ஆகியிருந்தது.