மகலனோபிசும் உப்புக் கணக்கும்

பிரசாந்த சந்திர மகலனோபிஸ் 1893ஆம் ஆண்டு சூன் 29ஆம் நாள் கொல்கத்தாவில் பிறந்தார். உயர்கல்விக்காக இங்கிலாந்திலுள்ள கேம்பிரிட்ஜுக்குச் சென்ற அவர், அங்கே நம் கணிதமேதை இராமானுசனின் நண்பரானார். இராமானுசன் இரவில் மேலங்கியை அணிந்து கம்பளிகளின்மீது படுத்துக் குளிரில் நடுங்குவதை ஒருநாள் அறிந்தார். கட்டிலோடு சேர்த்துச் செருகப்பட்டிருந்த கம்பளிகளுக்குள்ளே நுழைந்து உறங்க வேண்டும் என்பது தமிழகத்திலிருந்து சென்றவருக்குத் தெரிந்திருக்கவில்லை. மகலனோபிஸ் அதனைச் செய்து காட்டினார்.

1915இல் தாயகம் திரும்பும்போது, பயோமெட்ரிகா என்னும் புள்ளியியல் இதழின் தொகுதிகளை வாங்கிக் கப்பலிலேயே படித்தார். இயற்பியல் ஆசிரியராக இருந்தவரின் வாழ்வு அத்துடன் திசை மாறியது. 1931இல் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தை அவர் தோற்றுவித்தார். கொல்கத்தா பிரசிடென்சி கல்லூரியின் ஓர் அறையில்தான் அது முதலில் இயங்கியது.

வங்காளத்தில் எவ்வளவு நிலத்தில் சணல் விளைகிறது என்பதை அறிய 1937 முதல் அவர் ஆய்வுகள் நடத்தினார். எல்லா வயல்களையும் அளக்கப் பெரும் பொருளும் ஆள்களும் வேண்டும். ஆகவே சில வயல்களை மட்டும் மாதிரியாக எடுத்தார். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது நம் வீட்டு வழக்கு. ஆனால், வயல்கள் பானைச் சோறு போன்றவை அல்லவே! சாலையோர வயல்களை மட்டும் பார்த்தால் கணக்குப் பிழையாகும். ஒவ்வொரு வயலுக்கும் தேர்ந்தெடுக்கப்படச் சமவாய்ப்பு இருத்தல் வேண்டும். ஒரே பரப்புடைய 1000 வயல்களில் அவ்வாறு எடுத்த 50இல் 20 வயல்கள் சணல் வயல்கள் எனக் கொள்வோம். அது 40 விழுக்காடு. எனவே, மொத்தத்தில் ஏறத்தாழ 400 வயல்களில் சணல் இருக்கும்.

1947இல் நாடு பிரிக்கப்பட்டபோது தில்லிச் செங்கோட்டையில் ஏதிலியர் பலர் தஞ்சம் புகுந்தனர். அவர்களுக்கு உணவளித்த ஒப்பந்தக்காரர்கள் பெருந்தொகை கேட்டனர். உள்ளே எத்தனை பேர் உள்ளனர் என்பது அரசுக்குத் தெரியவில்லை. சென்று எண்ணவும் இயலவில்லை. அப்போது வழி கூறியவர், மகலனோபிசின் நிறுவனத்தோடு நெடுங்காலம் தொடர்புடைய சென்குப்தா என்னும் அறிஞர். ஒப்பந்தக்காரர்களின் பட்டியல்களைக் கொண்டே ஆள்களைக் கணக்கிடலாம் என்றார்.

அக்கணக்கை ஓர் எடுத்துக்காட்டால் அறியலாம். நாளொன்றுக்கு ஒருவருக்கு அரிசி 400 கிராம், உப்பு 10 கிராம் எனக் கொள்வோம். பட்டியலில் அரிசி 8000 கிலோ என்றால் 20,000 பேர். உப்பு 100 கிலோ என்றால் 10,000 பேர். இரண்டில் எதை நம்புவது? அரிசி விலை மிக்கது. கூட்டி எழுதினால் ஆதாயம் உண்டு. உப்போ மலிவானது, அதில் பொய் எழுதி ஈட்டுவதற்கு ஒன்றுமில்லை. ஆகவே உப்பின் கணக்கே ஏற்கப்பட்டது.

1950இல் மகலனோபிசின் முயற்சியால் தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு தொடங்கியது. இந்திய மக்கள் எதற்கு எவ்வளவு செலவிடுகின்றனர் என்பதை, ஆய்வாளர்கள் ஊர் ஊராகச் சென்று சில வீடுகளில் மட்டும் கேட்டு அறிந்தனர். அவர் 1972 சூன் 28இல், தம் எழுபத்தொன்பதாம் பிறந்தநாளுக்கு முந்தைய நாள் மறைந்தார். அவர் பிறந்த நாளே இன்று நம் நாட்டின் புள்ளியியல் நாளாகும்.