பந்துக்கு இல்லாத தீட்டு

கிருஷ்ணகிரியில் புறப்படும் சரக்கு லாரி சூளகிரி, ஓசூர் தாண்டி, ஜூஜுவாடியில் எல்லையைக் கடந்து, பெங்களூர், தார்வாடு வழியாகப் பூனாவுக்கும் பம்பாய்க்கும் போய்ச் சேருகிறது. ஓசூர்த் தோழர்களின் உழைப்பு நாள்தோறும் ஊர்வலம் போகும் பாதை அது! அதே தார்வாட்டில் பிறந்து, அதே பூனாவில் கூலிக்குப் பந்து வீசி, அதே பம்பாயில் புகழின் உச்சியைத் தொட்ட தொழிலாளி ஒருவர் உண்டு. லாரி ஓட்டும் தோழரும் அவரை அறியார். சிப்காட் வேலை முடித்து ஞாயிறுதோறும் மைதானத்தில் பந்து வீசும் இளைஞரும் அறியார். அவர் பெயர் பல்வங்கர் பாலு.

1870-களில் பிறந்தவர். செருப்புத் தைக்கும் தொழிலைச் சுமத்தி, தீண்டத்தகாதோர் என்று ஒதுக்கி வைக்கப்பட்ட குலம். தந்தைக்குப் பட்டாளத்தில் வேலை. குடும்பம் பூனாவில் குடியேறியது. வெள்ளை அதிகாரிகள் ஆடிக் கழித்த பந்தும் மட்டையும்தான் பாலுவுக்கும் தம்பி சிவராமுக்கும் பள்ளிக்கூடம், பயிற்சிக் கூடம் எல்லாம்.

முதல் வேலை, பார்சிகளின் கிரிக்கெட் கிளப்பில். களத்தைப் பெருக்க வேண்டும், உருளை இழுக்க வேண்டும். மாதக் கூலி 3 ரூபாய்! 1892-இல் வெள்ளையரின் பூனா கிளப்புக்கு மாறினார். கூலி 4 ரூபாயாயிற்று. வலை கட்டுவதும் கோடு போடுவதும் போக, துரைமார்கள் மட்டை வீசிப் பழகப் பந்து போட்டுக் கொடுப்பதும் வேலையாயிற்று. கிரெய்க் என்ற துரை நாள்தோறும் அவரிடம் பயிற்சி பெற்றார். இடக்கையால் அவர் சுழற்றி விடும் பந்து, துரையையே திணற வைத்தது. ஆனால் ஆயிரமாயிரம் பந்து போட்ட அந்தக் கையில் ஒரு நாளேனும் மட்டையைக் கொடுத்தார்களா? இல்லை. பந்து போடுவது கூலிக்காரன் வேலை; மட்டை பிடிப்பது எசமானர் உரிமை! களத்திலும் இருந்தது வருணாசிரமம்.

வெள்ளையரை வெல்ல வேண்டுமே என்ற ஆசை பூனா இந்துக் கிளப்பைப் பிடித்தது. வெல்வதற்குப் பாலு வேண்டும். ஆனால் பாலுவோ தீண்டத்தகாதவர். என்ன செய்தார்கள்? அணியில் சேர்த்துக் கொண்டார்கள். அவர் தொட்ட பந்தை மற்றவர்களும் தொட்டார்கள். தேநீர் இடைவேளை வந்ததும் தீட்டும் வந்துவிட்டது! மற்றவர்களுக்கு மண்டபத்துக்குள்ளே பீங்கான் கோப்பை; பாலுவுக்கு வெளியே, குடித்ததும் எறிந்துவிடும் மண் குவளை. சாப்பாடும் தனியே. பந்துக்கு இல்லாத தீட்டு கோப்பைக்கு எங்கிருந்து வந்தது? நம் சிற்றூர்த் தேநீர்க் கடைகளில் இரட்டைக் குவளையைக் கண்டு கொதித்த தோழர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

பிளேக் நோய் பரவிய 1896-ஐ ஒட்டிப் பாலு பம்பாய் சென்றார். ரயில்வேயில் வேலை கிடைத்தது, இந்து ஜிம்கானாவில் இடம் கிடைத்தது. 1906-இல் பம்பாயில் வெள்ளையர் அணியை 109 ரன் வித்தியாசத்தில் இந்துக்கள் வீழ்த்தியபோது, 8 விக்கெட்டுகளைச் சாய்த்தவர் பாலு. 1911-இல் பாட்டியாலா மகாராசா தலைமையில் இந்திய அணி இங்கிலாந்து சென்றது. ஆட்டங்களில் பெரும்பாலானவை தோல்வி! அந்தத் தோல்விகளுக்கிடையே, வலிக்கும் தோளோடு 114 விக்கெட்டுகளை எடுத்துத் தலைநிமிர்ந்து திரும்பினார் தார்வாட்டுத் தொழிலாளி. இளைஞர் அம்பேத்கர் அவரைத் தம் மக்களின் பெருமை எனப் போற்றினார்.

இத்தனைக்கும் பிறகு அணித் தலைமை கிடைத்ததா? ஆண்டுக்கு ஆண்டு வேறொருவருக்குப் போயிற்று. தலைவராக்கப்பட்ட எம். டி. பை என்பவரே, அந்தப் பெருமை மூத்தவரான பாலுவுக்கு உரியது என்று வெளிப்படையாகச் சொன்னார். கேட்பாரில்லை. 1920-இல் பாலுவை அணியிலிருந்தே நீக்கினர். பை ஆட இயலாத நிலையில், பாலுவின் தம்பியர் சிவராமும் விட்டலும் இருக்க, அனுபவத்தில் இளையவரான தேவ்தரைத் தலைவராக்கினர். தம்பியர் இருவரும் என்ன செய்தனர்? கெஞ்சவில்லை. சாதியால் வந்த அவமதிப்பு இது என்று அறிக்கை விடுத்து, ஆட மறுத்து வெளியேறினர். வேலை நிறுத்தம்தானே அது! ஊர் பேசிற்று, நிர்வாகம் இறங்கி வந்தது. இறுதி ஆட்டத்தில் தம்பியர் திரும்பினர், பாலு துணைத் தலைவரானார். 1923-இல் விட்டல் தலைவரானார். வெள்ளையரை வென்றும் காட்டினார். அண்ணனுக்குக் கதவு திறக்கவில்லை. ஆனால் அண்ணன் தட்டிய கதவுதான் தம்பிக்குத் திறந்தது.

ஒன்றை மறைக்க மாட்டோம். 1932-இல் தனி வாக்காளர் தொகுதிக் கோரிக்கையை, நம் சென்னையின் எம். சி. ராஜாவுடன் சேர்ந்து பாலு எதிர்த்தார். பூனா ஒப்பந்தத்தில் இருவரும் கையெழுத்திட்டனர். 1937 தேர்தலில் காங்கிரஸ் அவரை அம்பேத்கரை எதிர்த்தே நிறுத்தியது. அம்பேத்கருக்கு 13,245 வாக்கு, பாலுவுக்கு 11,225. தலைமை தர மறுத்த கூட்டத்தார், தம் இனத்துத் தலைவரையே எதிர்க்க மட்டும் அவரை முன்னே தள்ளினர். அந்த முடிவு நமக்கு உடன்பாடன்று. அதற்காக அவர் உழைப்பை மறப்பது நியாயமுமன்று.

1955 சூலை 4-இல் பம்பாயில் பாலு மறைந்தார். முதல்தர ஆட்டங்கள் 33, விக்கெட்டுகள் 179. இவை ஏட்டில் உள்ள கணக்கு. அந்த மண் குவளைகளின் கணக்கு எந்த ஏட்டிலும் இல்லை.

இன்று ஓசூரில் ஒரே இயந்திரத்தின் இரு பக்கம் இருவர் நிற்கிறார்கள். ஒருவர் நிரந்தரம், மற்றவர் ஒப்பந்தம். செய்யும் வேலை ஒன்று, பெறும் கூலி வேறு, கேட்கும் உரிமை வேறு. கை வேண்டும், கைக்குரியவர் வேண்டாம் என்பது பூனா கிளப்பின் சட்டம். நிரந்தரத் தோழரே, சிவராமும் விட்டலும் தமக்கு இடம் இருந்தும், அண்ணனுக்காக அன்று வெளியேறினார்கள். பக்கத்தில் நிற்கும் ஒப்பந்தத் தோழருக்காக நாம் என்ன செய்யப் போகிறோம்?