மானிப்பாயில் ஒரு வைத்தியர்: சமூவேல் பிஸ்க் கிறீன் (1822 - 1884)

சில வருடங்களுக்கு முன்பு ரொறன்ரோவில் என் அம்மாவை ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். நான் வேலையிலிருந்து போய்ச் சேருவதற்குள், தொலைபேசி வழியாக ஒரு மொழிபெயர்ப்பாளரை வைத்து டொக்டர் விசாரணையை முடித்துவிட்டார். இரவில் கால் உளையுது என்று அம்மா சொல்லியிருக்கிறார். மறுமுனையில் இருந்தவர் தமிழகத்தைச் சேர்ந்த பெண். அவருக்குத் தெரிந்தது மன உளைச்சல். அம்மாவின் கோப்பில் மனச்சோர்வு பற்றி ஒரு குறிப்பு ஏறிவிட்டது. காலைப் பற்றி ஒரு வரியும் இல்லை. அந்தப் பெண்ணைக் குறை சொல்லமாட்டேன். தன்னிடம் இருந்த தமிழை அவர் நேர்மையாகத்தான் பெயர்த்திருந்தார்.

அம்மா பிறந்தது மானிப்பாயில், கிறீன் ஞாபகார்த்த ஆஸ்பத்திரியில். எங்கள் ஊரில் யாரும் அந்தப் பெயரை முழுதாகச் சொல்வதில்லை. மானிப்பாய் ஆஸ்பத்திரி என்றால் போதும். சிறுவயதில் நான் அந்தப் பெயரை ஒரு நிறத்தின் பெயர் என்று நினைத்துச் சுவர்களில் பச்சையைத் தேடியிருக்கிறேன். அது ஒரு மனிதரின் பெயர் என்பதும், நோயாளி சொல்வது வைத்தியருக்கு விளங்கவேண்டும் என்பதற்காக அந்த மனிதர் தன் வாழ்நாளில் பெரும்பகுதியைச் செலவழித்தார் என்பதும் பிற்காலத்தில்தான் தெரியவந்தது.

சமூவேல் பிஸ்க் கிறீன் அமெரிக்காவில் மாசசூசெற்ஸ் மாநிலத்தின் வூஸ்டர் நகரில், கிறீன் ஹில் என்ற குடும்பப் பண்ணையில் 1822 அக்டோபரில் பிறந்தார். தகப்பனார் வழக்கறிஞர். நியூயோர்க்கில் சென்ட்ரல் பார்க் உருவாவதற்கு முன்னின்று உழைத்த அன்ட்ரூ ஹஸ்வெல் கிறீன் இவருடைய அண்ணன். தம்பியும் நியூயோர்க்கில்தான் வைத்தியம் படித்தார். அண்ணன் அந்த நகரத்திலேயே பெரிய மனிதரானார். தம்பி அமெரிக்கன் மிஷனில் சேர்ந்து 1847இல் கப்பலேறி, அவ்வருட அக்டோபரில் யாழ்ப்பாணம் வந்தார். அதே 1822ஆம் ஆண்டில்தான் நல்லூரில் ஆறுமுக நாவலரும் பிறந்தார் என்பதை வாசகர்கள் கவனித்திருக்கலாம். இருவரும் எதிரெதிர்த் துருவங்கள். ஆனாலும் தமிழ் உரைநடையால் எதையும் சொல்லமுடியும் என்று இருவருமே நம்பினார்கள் என்பது என் எண்ணம்.

யாழ்ப்பாணத்துக்கு வந்த முதல் மிஷன் வைத்தியர் கிறீன் அல்ல. ஜோன் ஸ்கடர் 1820 முதல் பண்டத்தரிப்பில் வைத்தியம் பார்த்து, 1836இல் சென்னைக்குப் போய்விட்டார். வேலூர் மருத்துவக் கல்லூரியை நிறுவிய ஐடா ஸ்கடர் அவருடைய பேர்த்திதான். ஸ்கடருக்குப் பின் வந்த டொக்டர் வார்ட் சுகவீனத்தால் திரும்பிப் போக, அந்த இடத்துக்குத்தான் இருபத்தைந்து வயது கிறீன் வந்து சேர்ந்தார். முதலில் வட்டுக்கோட்டை, 1848இலிருந்து மானிப்பாய்.

அந்த நாளைய நிலையைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்க வேண்டும். வாந்திபேதியும் அம்மையும் ஊர் ஊராக வந்து போகும். வாந்திபேதி நீரால் பரவுகிறது என்பதே மேலைநாட்டு வைத்தியருக்கும் இன்னும் தெளிவாகாத காலம். குடாநாடு முழுவதற்குமாக மேலைநாட்டு வைத்தியம் தெரிந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஒரு மனிதர் எத்தனை பேரைப் பார்க்கமுடியும்? வந்த மறுவருடமே கிறீன் மூன்று மாணவர்களைச் சேர்த்துக்கொண்டு பாடம் சொல்லத் தொடங்கினார். இலங்கையின் முதல் மருத்துவப் பள்ளி அதுதான். கொழும்பில் அரசாங்க மருத்துவப் பள்ளி திறந்தது 1870இல். அதாவது இருபத்திரண்டு வருடங்கள் கழித்து. 1850இல் யாழ்ப்பாண அரசாங்க அதிபர் டைக் முன்னின்று பட்டினத்தில் ஓர் ஆஸ்பத்திரியைத் தொடங்கியபோது, அங்கே வேலைசெய்ய ஆள் கிடைத்ததும் கிறீனுடைய மாணவர்களால்தான்.

இந்த இடத்தில் ஒரு சிக்கல் வந்தது. அதைக் கண்டுகொண்டதுதான் கிறீனின் பெருமை என்று நான் நினைக்கிறேன். முதல் மாணவர்கள் ஆங்கிலத்தில் படித்தார்கள். கெட்டிக்காரர்கள். படித்து முடித்ததும் அரசாங்கம் அவர்களைக் கைநீட்டி வரவேற்றது. சம்பளம், பதவி, தென்னிலங்கையில் உத்தியோகம். எந்தக் கிராமங்களுக்காக அவர்களை உருவாக்கினாரோ அந்தக் கிராமங்கள் பழையபடியே இருந்தன. இதைப் படிக்கும் நம்மில் பலருக்கு இந்தக் கதையை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. ஏழை நாடுகள் தங்கள் செலவில் டொக்டர்களைப் படிப்பித்துப் பணக்கார நாடுகளுக்கு அனுப்பிவைப்பது பற்றி இன்று எத்தனையோ மாநாடுகள் நடக்கின்றன. 1978இல் அல்மா அட்டாவில் உலக நாடுகள் கூடி, ஆரம்ப சுகாதாரம் மக்கள் வாழும் இடத்திலேயே கிடைக்கவேண்டும் என்று பிரகடனம் செய்தன. மானிப்பாயில் ஒருவர் இதே முடிச்சை அவிழ்க்கப் பார்த்து அப்போது நூறு வருடம் தாண்டியிருந்தது.

அவர் கண்ட வழி, வைத்தியத்தைத் தமிழில் படிப்பிப்பது. தமிழில் படித்தவன் ஊரில் இருப்பான். ஊரார் கொடுக்கும் கூலியில் வாழப் பழகுவான். நோயாளிக்கு நோய் என்னவென்று அவனால் சொல்லமுடியும். மாணவர்கள் வேட்டி சால்வையை விட்டுக் காற்சட்டைக்கு மாறுவதையும் கிறீன் விரும்பவில்லை. மருந்தைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் அவர்கள் ஊர் மனிதர்களாகவே இருக்கவேண்டும் என்பது அவருடைய பிடிவாதம். சுதேச மொழியில் கல்வி என்பது அப்போது மிஷனின் பொதுக் கொள்கையாகவும் ஆகியிருந்தது. ஆங்கிலத்தில் உயர்கல்வி தந்த வட்டுக்கோட்டை செமினரியை அவர்கள் 1855இல் மூடினார்கள். அந்த மூடலை யாழ்ப்பாணம் இன்றுவரை மன்னித்ததாகத் தெரியவில்லை.

தமிழில் படிப்பிப்பது என்றால் புத்தகம் வேண்டும். 1850களிலேயே உடற்கூறும் சுகாதாரமும் பற்றிய சிறிய நூல் ஒன்றையும், பிரசவ வைத்தியம் என்ற நூலையும் கிறீன் தமிழில் கொண்டுவந்தார். பத்து வருட உழைப்புக்குப் பின் விடுமுறையில் அமெரிக்கா போய், 1862இல் மார்கரெட் வில்லியம்ஸ் என்பவரை மணந்து, மனைவியோடு திரும்பினார். 1860களின் நடுவில் தமிழ் வகுப்பு முழுமூச்சாகத் தொடங்கியது. பிறகு வந்த புத்தகங்களைப் பாருங்கள்: 1867இல் இரண வைத்தியம், 1872இல் மனுஷ அங்காதிபாதம், அதே வருடம் வைத்தியாகரம், 1875இல் கெமிஸ்தம், 1883இல் மனுஷ சுகரணம், 1884இல் இந்து பதார்த்த சாரம். எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ 4500 பக்கங்கள். லண்டனில் 1858இல் வெளிவந்த கிறேயின் உடற்கூற்று நூல் பதினான்கே வருடங்களில் தமிழில் அச்சாகியிருக்கிறது.

இவற்றைக் கிறீன் தனியாகச் செய்யவில்லை. மாணவர்கள் மொழிபெயர்த்தார்கள், அவர் ஒப்பிட்டுத் திருத்தினார். சாப்மன், டன்வதர் என்ற பெயர்களைப் பார்த்து வெள்ளைக்காரர் என்று நினைத்துவிடவேண்டாம். எல்லாரும் யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள். படிப்புக்குப் பணம் கொடுத்த அமெரிக்கர்களின் பெயரைப் பிள்ளைகளுக்கு வைப்பது அந்நாளைய மிஷன் வழக்கம். தமிழில் வைத்தியம் எழுதியவர்கள் அந்தப் பெயர்களோடு நிற்பது எனக்கு எப்போதும் ஒரு சிறு வேடிக்கையாகவும் ஒரு சிறு வருத்தமாகவும் இருக்கும்.

கலைச்சொல் விஷயத்தில் கிறீன் வைத்திருந்த ஒழுங்கு எளிமையானது. முதலில் தமிழில் சொல் இருக்கிறதா என்று பார். இல்லையென்றால் வடமொழியில் தேடு. அங்கும் அகப்படாவிட்டால் ஆங்கிலச் சொல்லைத் தமிழ் ஓசைக்கு வளைத்து எடு. இரணம் நம் ஆச்சிமார் வாயில் புழங்கிய சொல். அது அறுவை வைத்தியத்துக்குப் பெயராயிற்று. அங்காதிபாதம் என்பது கேசாதிபாதமும் பாதாதிகேசமும் பாடிய மொழிக்கு அந்நியமாக ஒலிக்காது. சுகரணம் கொஞ்சம் முறைக்கிறது. கெமிஸ்தம் மூன்றாவது வழியில் வந்தது. இரசாயனம், வேதியியல் என்று இரண்டு தலைமுறை தாண்டிவிட்ட நமக்கு அதைப் பார்க்கச் சிரிப்பு வரலாம். நானும் ஒரு நூலகத்தில் அந்தப் புத்தகத்தை முதன்முதல் கண்டபோது சிரித்தேன். நாலைந்து பக்கம் படித்தபின் சிரிப்பு நின்றுவிட்டது. வாக்கியம் தடுமாறவில்லை. படிப்பவன் கையில் குடுவை இருக்கிறது, அவன் அடுத்து என்ன செய்யவேண்டும் என்பது எழுதியவருக்குத் தெரிந்திருக்கிறது.

எதிர்ப்பு வெளியே இருந்து வரவில்லை. மாணவர்களும் பெற்றோரும்தான் ஆங்கிலம் வேண்டும் என்றார்கள். அவர்களைப் பிழை சொல்லமுடியுமா? வயலை ஈடுவைத்துப் பிள்ளையைப் படிப்பிக்கும் தகப்பனுக்கு, அந்தப் படிப்பு பிள்ளையைக் கிராமத்திலேயே கட்டிப்போடும் என்றால் எப்படி இனிக்கும்? கிறீனுடைய பிள்ளைகளுக்கு ஆங்கிலம் பிறப்பிலேயே கிடைத்துவிட்டது. இன்னொருவன் பிள்ளைக்கு அது தேவையில்லை என்று தீர்மானிப்பது அவருக்குச் சுலபம். இந்த ஆட்சேபத்தை நான் பலமுறை மனதுக்குள் புரட்டிப் பார்த்திருக்கிறேன். முழுதாகத் தள்ளிவிட முடியவில்லை. ஆனால் பேதி கண்ட பிள்ளையோடு வண்டியில் வரும் தாயின் பக்கமிருந்து பார்த்தால் கணக்கு வேறுமாதிரி வருகிறது. அந்தத் தாயின் பக்கம் நின்று கணக்குப் பார்த்தவர்கள் அன்றைக்கு அதிகம் பேர் இல்லை.

கிறீனைத் தெய்வமாக்கவும் தேவையில்லை. அவர் முதலில் மதப்பிரசாரகர். அதை அவர் மறைத்ததில்லை. வைத்தியம் அவருக்கு வேதத்துக்குத் திறக்கும் வாசல். சைவத்தைப் பற்றியும் நாட்டு வைத்தியர்களைப் பற்றியும் அவருக்கு நல்ல அபிப்பிராயம் இருக்கவில்லை. அவரிடம் படித்தவர்கள் எல்லாரும் ஆண்கள். ஆண் வைத்தியர் தொடக்கூடாது என்றிருந்த வீடுகளில், பிரசவ அறையின் கதவு தமிழில் தட்டினாலும் திறந்திருக்காது. இணுவிலில் பெண்களுக்கும் குழந்தைகளுக்குமான ஆஸ்பத்திரி வர 1898 ஆகிவிட்டது. அதற்காக அலைந்து பணம் சேர்த்தவர்கள் லீச் சகோதரிகள் என்ற இரு மிஷன் பெண்கள்.

1873இல் உடல் தளர்ந்து கிறீன் ஊர் திரும்பினார். அதுவரை அவர் உருவாக்கிய வைத்தியர்கள் 62 பேர். அவர்களில் 33 பேர் தமிழில் படித்தவர்கள். வூஸ்டரில் இருந்துகொண்டே பதினொரு வருடம் தமிழ்க் கையெழுத்துப் பிரதிகளைத் திருத்தினார். கப்பல் தபாலில் தாள்கள் போகும், வரும். கெமிஸ்தமும் மனுஷ சுகரணமும் அப்படித்தான் முடிந்தன. 1884 மே 28இல் காலமானார். மானிப்பாயில் தமிழ் வகுப்பு அவருக்குப் பின் நீடிக்கவில்லை. கொழும்பில் ஆங்கிலத்தில் தேறியவருக்கு அரசாங்க அங்கீகாரம் இருந்தது. தமிழில் தேறியவருக்கு இல்லை. அதன்பின் யாழ்ப்பாணத்தில் மேலைநாட்டு வைத்தியம் படிக்க விரும்பியவன் ஆங்கிலம் படித்தான், கப்பலும் ஏறினான்.

சென்ற இலையுதிர்காலத்தில் பொஸ்டனில் இருக்கும் அண்ணரின் மகளிடம் போயிருந்தேன். அவள் மயக்க மருந்து நிபுணர். வூஸ்டர் அங்கிருந்து ஒரு மணி நேர ஓட்டம். கிறீன் ஹில் பண்ணையைக் குடும்பத்தார் 1905இல் நகரத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். இப்போது அது பொதுப் பூங்கா. பிள்ளைகள் பந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். அங்கிருந்து கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். தன் கல்லில் என்ன இருக்கவேண்டும் என்று கிறீனே சொல்லிவைத்திருந்தார். தமிழருக்கு மருத்துவ ஊழியம் செய்த சுவிசேஷகர் என்ற பொருளில் ஆங்கிலத்தில் பொறித்திருக்கிறார்கள். அந்தத் தோட்டத்தில் நம் இனத்தின் பெயர் இருப்பது அந்த ஒரு கல்லில்தான் என்று நினைக்கிறேன்.

பெறாமகளுக்குத் தமிழ் பேச வரும், வாசிக்க வராது. 33 என்ற எண்ணைக் கேட்டதும் அவள் எங்கள் குடும்பத்து டொக்டர்மாரை விரல்விட்டு எண்ணத் தொடங்கினாள். லண்டனில் இரண்டு, சிட்னியில் ஒன்று, ரொறன்ரோவில் மூன்று, அவள் ஒருத்தி. ஊரில் யாரும் இல்லையா என்று கேட்டாள். கொஞ்சம் யோசித்துவிட்டு இல்லை என்றேன்.

தூறல் பிடித்துக்கொண்டது. கல்லைத் தன் போனில் படமெடுத்து அம்மாவுக்கு அனுப்பினாள். அம்மா அதைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, இவர் எங்கட மானிப்பாய் ஆஸ்பத்திரிக்காரரோ என்று கேட்டாராம்.